மருக்காரை: முட்புதரில் விளையும் முதன்மை மருந்து

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டியையும் ஆரம்பாக்கத்தையும் கடந்து ஆந்திர எல்லைக்குள் நுழைந்தால் தடா. அங்கிருந்து மேற்கே திரும்பி ஸ்ரீகாளத்தி நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்த ஊர் வரதய்யபாளையம். உப்பலமடுகு அருவிக்கு, அதாவது சென்னை இளைஞர்கள் 'தடா அருவி' என்றழைக்கும் நீர்வீழ்ச்சிக்குச் செல்வோர் பெரும்பாலும் இவ்வூர் வழியாகவே செல்கின்றனர். அருவியைக் கண்டு களித்தவர் பலர். அதற்கு முன்னுள்ள முட்காட்டை நின்று நோக்கியவர் சிலரே. களாவும் சூரையும் காசானும் பின்னிக் கிடக்கும் இத்தகைய மலையடிவாரக் காடுகளில், கிளைதோறும் எதிரெதிராக நீண்ட முட்களைத் தாங்கி நிற்கும் ஒரு செடியைப் பற்றி இம்முறை வாசகர்களோடு பேச விழைகிறோம். தமிழில் அதன் பெயர் மருக்காரை. வடமொழி மருத்துவ நூல்கள் அதனை மதனம் என்கின்றன. அதன் கனி மதனபலம். ஆயுர்வேதத்தின் பஞ்சகர்ம சிகிச்சையில் முதலாவதாக வைக்கப்படும் வமனத்திற்கு, அதாவது மருத்துவரின் மேற்பார்வையில் வாந்தி செய்வித்துக் கபத்தை வெளியேற்றும் முறைக்கு, தலையாய மருந்து இதுவே.

இவ்வட்டாரத்தைத் தமிழ் வாசகர்கள் அயலூராகக் கருத வேண்டியதில்லை. ஆந்திரத்திற்கும் சென்னை மாநிலத்திற்கும் இடையிலான எல்லைகள் 1960 ஏப்ரல் 1 அன்று மாற்றியமைக்கப்பட்டபோது, திருத்தணி தமிழகத்தின் பக்கம் வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த சில பகுதிகள் சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தன. சத்தியவேட்டைச் சுற்றிய ஊர்களில் இன்றும் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன. 2022 ஏப்ரல் மாதம் ஆந்திர மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபின் வரதய்யபாளையம் திருப்பதி மாவட்டத்தில் அடங்குகிறது. செடிகளுக்கோ எல்லைக்கோடு இல்லை. செங்கல்பட்டின் புதர்க்காடுகளிலும், கிழக்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளிலும், இலங்கையின் வறண்ட நிலங்களிலும் மருக்காரை ஒரே முகத்தோடுதான் நிற்கிறது.

முகம் என்றோம், அதனை அறிந்துகொள்வது பயனுள்ளது. மருக்காரை புதராகவும் வளரும், இடம் வாய்த்தால் சிறுமரமாகவும் நிமிரும். இலைகள் நுனி அகன்று, அடி ஒடுங்கி, கணுக்களில் கொத்தாகத் தோன்றும். முள் நேரானது, உறுதியானது. ஆட்டின் வாயையும் தடுக்கும். கோடையில் பூக்கும். மலரும்போது வெண்மையாக இருக்கும் பூ, வாடும் தறுவாயில் மஞ்சளாகிவிடும். ஒரே கிளையில் இரு நிறப் பூக்களைக் காண்பதால், இருவகைச் செடிகள் பின்னிக்கொண்டனவோ என்று புதியவர் ஐயுறுவதுண்டு. மணம் உண்டு. காய் சிறு கொய்யாவைப் போன்றது. தலையில் புல்லிவட்டத்தின் எச்சம் சிறு மகுடம்போல் ஒட்டியிருக்கும். பனிக்காலத்திலும் அதன் பின்னரும் காய் பழுத்து மஞ்சளாகும். அறுத்தால் உள்ளே சதையோடு ஒட்டிய விதைகள் இரு பிளவாகத் திரண்டிருக்கும். பழத்தை நசுக்கி நீரிலிட்டு அலசினால் நுரை பொங்கும். சபோனின் என்னும் வேதிப்பொருளே அதற்குக் காரணம். இதே பொருளே மீனின் செவுள்களைத் தாக்குவதால், நசுக்கிய காயைக் குட்டையில் கலந்து மீன் பிடிக்கும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் இருந்துவந்துள்ளது. சேமித்த தானியத்தில் பூச்சி அண்டாதிருக்கவும் இதன் தூளைக் கலந்திருக்கின்றனர். மீனுக்கு நஞ்சு, பூச்சிக்கு நஞ்சு, மனிதனுக்கு மருந்து என்ற இந்த நெருக்கமான அண்டைமையை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம்; பின்னர் அது தேவைப்படும்.

பெயரிலும் கவனம் வேண்டும். 'காரை' என்று மட்டும் கேட்டால் ஊருக்கு ஊர் வெவ்வேறு முட்செடிகளைக் காட்டுவர். உண்ணத்தக்க சிறு பழங்களைத் தரும் காரைச்செடி வேறு. மதுக்காரை, மருக்காலங்காய் என்னும் வழக்குகள் மருக்காரையையே குறிக்கும். தெலுங்கில் இது 'மங்க'. தமிழ்ச் செவிக்கு மாங்காயின் உறவாகத் தோன்றினாலும், தெலுங்கர்க்கு மாங்காய் 'மாமிடி' என்பதால் அவர்களுக்கு இக்குழப்பமில்லை. இந்தியில் மைன்பல், மலையாளத்தில் மலங்காரை. குஜராத்தில் இதன் காய்ந்த பழத்திற்கு மீண்டள் என்று பெயர். திருமணத்தின்போது மணமக்களின் மணிக்கட்டில் காப்பு நூலோடு சேர்த்துக் கட்டுவர். மராத்தியரிடமும் இவ்வழக்கம் உண்டு. மன்மதனின் பெயரைத் தாங்கிய கனி மணவறையில் இடம்பெறுவதில் வியப்பில்லைதான். வாந்தி மருந்து என்பதை அறிந்தவர்க்குச் சற்றே புன்னகை வரலாம்.

தாவரவியலார் இட்ட பெயரிலும் ஒரு சுவையான செய்தி உண்டு. டச்சு ஆளுநர் வான் ரீட் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட 12 தொகுதிகள் கொண்ட 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' நூல், கேரளத்துச் செடிகளை அவற்றின் மலையாளப் பெயர்களோடு ஐரோப்பாவிற்கு அறிமுகம் செய்தது. காட்டு நாரகம் என்னும் மலையாளச் சொல்லே இலத்தீன் உருவெடுத்து இச்செடியின் பேரினப் பெயரான 'கட்டுநாரேகம்' ஆயிற்று. நெடுங்காலம் 'ராண்டியா டுமெட்டோரம்' என்றே பாடநூல்களில் வழங்கிய இதனை, 1978இல் 'கட்டுநாரேகம் ஸ்பைனோசா' என மாற்றியமைத்தவர் மொரீசியஸைச் சேர்ந்த தாவரவியலறிஞர் ஒருவர். அவருடைய குடும்பப் பெயர், பிரெஞ்சு எழுத்துமுறையில் சிதைந்திருப்பினும், நாமனைவரும் அறிந்த 'திருவேங்கடம்' என்பதே. திருவேங்கட மலையின் நிழலில் வளரும் செடியின் அறிவியற் பெயருக்குப் பின்னால், அம்மலையின் பெயரையே சுருக்கக் குறியாக உலகெங்கும் உள்ள தாவரவியலார் எழுதிவருகின்றனர்.

சரகர் வகுத்த பக்குவம்

சரக சம்ஹிதையில் கல்பஸ்தானம் என்றொரு பகுதி உண்டு. 12 அத்தியாயங்களைக் கொண்ட அப்பகுதி முழுவதும் வாந்தி, பேதி மருந்துகளுக்கே உரியது. மொத்தம் 600 மருந்து யோகங்கள் அதில் கூறப்படுகின்றன. வாந்திக்கு 355, பேதிக்கு 245. வாந்திக்குரிய 355இல் 133 மருக்காரையை அடிப்படையாகக் கொண்டவை. முதல் அத்தியாயமே அதன் பெயரால் அமைந்தது. வாந்தி உண்டாக்கும் செடிகள் வேறு பல இருக்க, இதற்கு ஏன் இத்தனை முதன்மை? மற்றவற்றினும் கேடு குறைந்தது என்பதே நூல் கூறும் காரணம். வலிமை மிக்கது என்பதற்காகவன்று, அடக்கமானது என்பதற்காகவே அது தலைமை பெற்றது.

இம்முதல் அத்தியாயத்தில் நம்மை மிகவும் கவர்ந்தது மருந்தின் பட்டியலன்று. கனியைச் சேகரிக்கும் முறையே. வசந்த காலத்திற்கும் கோடைக்கும் இடைப்பட்ட நாட்களில், பூசம், அசுவினி, மிருகசீரிடம் ஆகிய விண்மீன்களுள் ஒன்று அமைந்த நாளில் பறிக்க வேண்டும். கனி பழுத்திருக்க வேண்டும், பச்சையாக இருத்தலாகாது, வெளிர்மஞ்சள் நிறம் ஏறியிருக்க வேண்டும், புழு அரித்ததும், அழுகியதும், வளர்ச்சியற்றுச் சிறுத்ததும் தள்ளப்பட வேண்டும். பறித்தவற்றைத் துடைத்து, தர்ப்பைப் புல்லில் பொதியாகக் கட்டி, மேலே பசுஞ்சாணம் பூசி, வாற்கோதுமை உமி, உளுந்து, நெல், கொள்ளு, பயறு போன்றவற்றின் குவியலுக்குள் எட்டு இரவுகள் புதைத்து வைக்க வேண்டும். அதற்குள் கனி இளகித் தேன் மணம் பெறும். பின்னர் வெயிலில் உலர்த்தி, உள்ளிருக்கும் விதைத் திரளை எடுக்க வேண்டும். இவ்விதைத் திரளை நூல் 'பிப்பலி' என்கிறது. பெயர் ஒற்றுமை கண்டு இதனைத் திப்பலி என மயங்கலாகாது. அத்திரளை நெய், தயிர், தேன், எள்ளு விழுது ஆகியவற்றில் பிசறி மீண்டும் உலர்த்தி, தூசியில்லாத புதுக்கலத்தில் விளிம்புவரை நிரப்பி, மூடி, உறியில் தொங்கவிட வேண்டும்.

இவ்வரிசையில் சடங்கு எவ்வளவு, கைப்பழக்கம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது ஒரு நல்ல பயிற்சி. விண்மீனைப் பற்றி நாம் கூற ஒன்றுமில்லை. ஏனைய ஒவ்வொரு படிக்கும் களஞ்சியம் வைத்திருப்பவர் எவரும் காரணம் கூறிவிடுவர். தானியக் குவியலின் வெதுவெதுப்பில் காயைப் பழுக்க வைப்பது நம் வீடுகளிலும் நடப்பதே. மாங்காயை வைக்கோலில் வைப்பதும், சீத்தாப்பழத்தை அரிசிப் பானையில் வைப்பதும் இதே நுட்பம். கலத்தை விளிம்புவரை நிரப்புவது காற்று தங்காதிருக்க. உறி, எலிக்கும் எறும்புக்கும் ஈரத்திற்கும் எட்டாத இடம். பழங்காலத்துத் தரக் கட்டுப்பாட்டு விதி என்று இதனைக் கூறினால் மிகையாகாது. இன்றைய இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூலின் முதற்பகுதி முதல் தொகுதியிலும் மதனபலத்திற்கெனத் தனிப் பதிவு உண்டு. அது கலப்படம், ஈரப்பதம், சாம்பல் அளவு என்ற மொழியில் பேசுகிறது. இரண்டும் கேட்பது ஒன்றுதான்: சரியான செடியின் சரியான கனி, சரியான பக்குவத்தில் வந்திருக்கிறதா?

சிகிச்சையின் ஒழுங்கு

வமனம் என்பது ஒரு குவளை மருந்தைக் குடித்து வாந்தியெடுப்பது என்று எண்ணுவோர் உளர். அது பல நாள் நீளும் ஒழுங்கு. முதலில் மூன்று முதல் ஏழு நாட்கள்வரை, மருந்து சேர்ந்த நெய்யை அளவு உயர்த்திக் கொடுப்பர். பின்னர் எண்ணெய் தேய்ப்பும் வேதும். வமனத்திற்கு முந்தைய நாள் பால், தயிர், உளுந்து போன்ற கபத்தைக் கிளர்த்தும் உணவு. வழக்கமாக மருத்துவர்கள் விலக்கச் சொல்வதையெல்லாம் அன்று ஒருநாள் உண்ணச் சொல்வர். மறுநாள் காலையில் பாலோ, கரும்புச்சாறோ, அதிமதுரக் கஷாயமோ வயிறு நிறையக் குடிக்க வைத்து மருந்தைத் தருவர். மருந்தின் அளவைக் குறிக்க, நோயாளி தன் விரல்களை மடக்கிய கைப்பிடிக்குள் அடங்கும் விதைகள் என்று பழைய நூல் ஓர் அளவுகோல் தருகிறது. உடலின் அளவிற்கேற்ற மருந்து என்னும் எண்ணம் அதில் தெரிகிறது. மருத்துவர் தகுதியெனக் கருதும் அளவு என்று அடுத்த சொல்லிலேயே அது விலக்கும் தந்துவிடுகிறது. அதிமதுரக் கஷாயத்தில் ஊறவைத்து வடித்து, தேனும் இந்துப்பும் சேர்ப்பது மரபு.

அதன்பின் எத்தனை முறை வாந்தி வருகிறது என்று எண்ணுவர். நான்கு குறைந்தபட்சம், ஆறு நடுத்தரம், எட்டு நிறைவு. முடிந்தபின் உடனே வழக்கமான சோற்றுக்குத் திரும்ப இயலாது. நீர்த்த கஞ்சி, அடர்ந்த கஞ்சி, பயற்று நீர் என மூன்று முதல் ஏழு நாட்கள் படிப்படியாக உணவு ஏற்றப்படும். கபம் பெருகும் வசந்த காலமே இதற்கு உரிய பருவம் என்பது ஆயுர்வேதத்தின் கொள்கை. ஆஸ்துமா, நாட்பட்ட சளி, சில தோல் நோய்கள் ஆகியவற்றிற்கு வமனம் பரிந்துரைக்கப்படுகிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1983 முதல் நடத்திவரும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா ஆயுர்வேதக் கல்லூரி இவ்வட்டாரத்தில் இத்துறையின் முறையான பயிற்சிக்குரிய இடம்.

சித்த மருத்துவத்திற்கும் இது புதிதன்று. நோய் அணுகாதிருக்கத் தேரையர் வகுத்த ஒழுக்க விதிகளில் வாந்தி மருந்திற்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை, பேதி மருந்திற்கு நான்கு மாதத்திற்கு ஒருமுறை, நசியத்திற்கு ஒன்றரை மாதத்திற்கு ஒருமுறை என்று கணக்கு உண்டு. நம் பாட்டிமார் குழந்தைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்த ஞாயிற்றுக்கிழமைகள் இக்கணக்கின் எஞ்சிய துணுக்கே.

இங்கு ஒரு சொல் வெளிப்படையாகக் கூற வேண்டும். 'உடற்கழிவு நீக்கம்' என்னும் விளம்பரத் தொடர் இப்போது விடுதிகளிலும் கைப்பேசித் திரைகளிலும் மலிந்துவிட்டது. இரத்தத்திலிருந்து கழிவை நாள்தோறும் பிரித்து வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். அப்பணியை ஒரு வார இறுதிப் பொதிச் சுற்றுலா ஏற்றுக்கொள்ள இயலாது. வமனத்தை முறையாகக் கற்ற ஆயுர்வேத மருத்துவர் எவரும் அவ்வாறு கூறவும் மாட்டார். கருவுற்றவர், இதய நோயாளி, முதியவர், குழந்தைகள், உடல் மெலிந்தவர், இரத்த வாந்தி கண்டவர் என்று வமனம் செய்யலாகாதவரின் நீண்ட பட்டியலைப் பழைய நூல்களே தருகின்றன. கடையில் காயை வாங்கி, இணையத்தில் அளவைக் கண்டு, வீட்டில் செய்து பார்க்கத்தக்க மருந்து இதுவன்று. அளவு மீறிய வாந்தியால் உடலின் நீரும் உப்பும் வற்றும்; வாந்தி மூச்சுக்குழலில் புகுந்தால் உயிருக்கே கேடு. மீன் குட்டையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இதற்கு இணையாக மேலைநாட்டில் நிகழ்ந்த ஒரு வரலாறு உண்டு. பிரேசில் காட்டில் வளரும் இபிகாகுவான்ஹா என்னும் சிறு செடியின் வேரும் வாந்தி மருந்தே. அதுவும் மருக்காரையும் ஒரே குடும்பம். காப்பிச் செடியும் அக்குடும்பமே. காலையில் நாம் அருந்தும் டிகாஷனுக்கு இப்படியும் உறவினர் உண்டு. 1648இல் வில்லெம் பிசோ என்பவரின் நூல் வழியே ஐரோப்பா அவ்வேரை அறிந்தது. 1817இல் பாரிஸில் அதிலிருந்து எமெட்டின் பிரித்தெடுக்கப்பட்டது. 1912இல் கல்கத்தாவில் லியோனார்டு ராஜர்ஸ் அதனைச் சீதபேதிக்கு ஊசி மருந்தாகப் பயன்படுத்திப் பெயர் பெற்றார். கப்பலில் வரும் அவ்வேருக்கு மாற்றாக மருக்காரையைக் கொள்ளலாமா என்று 19ஆம் நூற்றாண்டின் இந்திய மருத்துவர்கள் ஆராய்ந்தனர். உள்நாட்டு மருந்துகளை அவற்றின் தமிழ், தெலுங்கு, உருதுப் பெயர்களோடு தொகுத்து 1869இல் இந்திய மருந்தியல் நூலுக்கு ஒரு துணைநூல் வெளியிட்ட சென்னை மருத்துவர் முகைதீன் ஷெரீப்பின் உழைப்பு இவ்வகையில் போற்றத்தக்கது. பின்னாளில் என்ன ஆயிற்று? அமெரிக்காவில் நஞ்சு உண்ட குழந்தைக்கு உடனே கொடுக்க இபிகாக் பாகு வீடுதோறும் வைக்கப்பட்டிருந்தது. பயனைவிட இடர் மிகுதி என்று கண்டு, அதனை வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம் என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2003இல் அறிவுறுத்தியது. ஒரு மருந்து எவர் கையில், எந்த இடத்தில் இருக்கிறது என்பதே அதன் தன்மையை முடிவு செய்கிறது.

பறிக்கும் கை

இனி, மருத்துவமனையிலிருந்து காட்டிற்குத் திரும்புவோம். மருக்காரை தோட்டப்பயிராக வரிசையில் நடப்படுவது அரிது. சந்தைக்கு வரும் காயில் பெரும்பகுதி காட்டிலும் புறம்போக்கிலும் வேலியோரத்திலும் பறிக்கப்படுவதே. சித்தூர், நெல்லூர் வட்டாரங்களில் பரவி வாழும் யானாதியர், செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பகுதி இருளர் ஆகியோர் மூலிகையறிவிற்கும் சேகரிப்பிற்கும் பெயர் பெற்றவர்கள். அருகிலுள்ள ஸ்ரீஹரிகோட்டா 1969இல் விண்வெளித் தளத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு முன், அத்தீவின் காடே யானாதியர் பலரின் வாழ்விடமாகவும் மருந்துப்பெட்டியாகவும் இருந்தது.

காட்டில் பறித்த கை, உள்ளூர் வணிகர், நகரத்து மொத்த வணிகர், மருந்து நிறுவனம் என்று காய் கைமாறுகிறது. சென்னை ராசப்ப செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடைக்கு வந்து சேரும்போது அது எந்த மலையில், எந்த மாதத்தில் பறிக்கப்பட்டது என்று கூற எவருமில்லை. எடைக்கே விலை, பக்குவத்திற்கு விலையில்லை. சரகர் தள்ளச் சொன்ன பச்சைக் காயும் சிறுத்த காயும் அதே மூட்டையில், அதே விலையில் போகின்றன. பழுக்கும்வரை காத்திருக்கலாமே என்று நகரத்திலிருந்து கூறுவது எளிது. பொதுக்காட்டில் காத்திருப்பவருக்குக் காய் மிஞ்சுவதில்லை; இன்று நாம் விட்டுவைத்ததை நாளை வேறொருவர் பறிப்பார். ஆகவே அனைவரும் முன்கூட்டியே பறிக்கின்றனர். முள்ளுக்கு அஞ்சி, கிளையையே வெட்டிக் கீழே போட்டுக் காயை உதிர்ப்பதும் நடக்கிறது. அடுத்த ஆண்டு அக்கிளையில் பூவில்லை. இது பறிப்பவரின் அறியாமையன்று. பக்குவத்திற்குப் பணம் தராத சந்தை, பக்குவமற்ற பொருளையே பெறும்.

நிலமும் மாறிக்கொண்டிருக்கிறது. 2008 முதல் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் எழுந்த ஸ்ரீசிட்டி தொழில் நகரில் இன்று சாக்லேட் முதல் மெட்ரோ ரயில் பெட்டி வரை உற்பத்தியாகின்றன. அவ்வட்டார இளைஞருக்கு மாதச் சம்பளம் தரும் வாயிலை அது திறந்துவிட்டது. நமது வங்கியாளர்களும் அதனை மகிழ்ச்சியோடே காண்பர். அதேவேளை, முட்புதர் நிலம் எவருடைய கணக்கிலும் 'பயனுள்ள நிலம்' என்று எழுதப்படுவதில்லை. மனை பிரிப்போரும் கம்பிவேலி இடுவோரும் முதலில் வெட்டுவது அதனையே. முன்பு வயலைக் காத்த உயிர்வேலியில் மருக்காரையும் ஒன்று. இன்று அவ்விடத்தில் கல்தூணும் முள்கம்பியும்.

வழி இல்லாமலில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வனப் பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடியினருக்கும் மரபுவழி வனவாழ்நருக்கும் உரிமை அளிக்கிறது. கிராமத்தின் சமூக வன உரிமை எழுத்தில் பதிவானால், எப்போது பறிப்பது, எவ்வளவு விடுவது என்ற முடிவு அக்கிராமத்தின் கையில் வரும். காத்திருப்பவர் ஏமாளியாக வேண்டியதில்லை. மதுரையில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கிராம் மூலிகை நிறுவனத்தில் மூலிகை சேகரிப்போரும் பயிரிடுவோருமே பங்குதாரர்கள். தரம் பிரித்து, உலர்த்தி, மருந்து நிறுவனத்திற்கு நேரே விற்கும்போது இடைக்கை குறைகிறது. இவ்வகை முயற்சிக்குப் பெரும் முதலீடு வேண்டியதில்லை. உலர்களம், தார்ப்பாய், எடைக்கருவி, ஈரம் புகாத கிடங்கு, பறித்த நாளிலேயே சேகரிப்பவருக்குக் கொடுக்கக் கையில் சிறிது பணம், இவையே முதன்மைத் தேவைகள். கடைசியாகக் கூறியதே உண்மையில் முதலாவது. அன்றாடம் பணம் வேண்டியவர் வணிகரிடம் முன்பணம் வாங்கியிருந்தால், காய் பச்சையாக இருப்பினும் அவருக்கே கொடுத்தாக வேண்டும்.

1992இல் நபார்டு வங்கி முன்னோட்டமாகத் தொடங்கிய சுய உதவிக் குழு – வங்கி இணைப்பு இங்கே பொருந்துகிறது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின்கீழ் வரும் மகளிர் குழுக்களுக்கான பிணையில்லாக் கடன் வரம்பு 2021இல் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. தனி விவசாயிக்கு வேளாண் மற்றும் சார்புத் தொழில்களுக்கான பிணையில்லாக் கடன் வரம்பு 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய். 2000ஆம் ஆண்டு நவம்பரில் அமைக்கப்பட்ட தேசிய மருத்துவத் தாவர வாரியத்தின் திட்டங்களும் உண்டு. உதவிக்குரிய செடிகளின் பட்டியலும் விதிகளும் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்குமுன் மாநில வாரியத்தில் கேட்டறிவது நலம்.

ஆயினும் ஒன்று. நெல் விளையும் நஞ்சையில் மருக்காரை நடுமாறு எவர் ஊக்கினாலும் வாசகர்கள் செவிசாய்க்க வேண்டாம். வமனம் செய்துகொள்வோர் சிலரே. அதற்குத் தேவைப்படும் காயும் அளவோடுதான். சில ஆண்டுகளுக்கு முன் பல மூலிகைகளின் பெயரால் 'ஏக்கருக்கு இத்தனை லட்சம்' என்று நாற்று விற்றவர்கள், அறுவடையின்போது வாங்க வராத கதைகளைக் கிளை மேலாளர்கள் பலர் அறிவர். மருக்காரைக்கு ஏற்ற இடம் மானாவாரி நிலத்தின் வரப்பு. விதையிலிருந்து வளரும், நீர் கேட்காது, ஆடு மாட்டைத் தடுக்கும்; இலையும் கிளையும் விறகிற்கும் கைப்பிடிகளுக்கும் ஆகும். காய் கிடைத்தால் அது மேல்வரவு. வாங்குபவர் யார் என்பதை எழுத்தில் அறிந்தபின்னரே அதற்கு மேல் எண்ண வேண்டும்.

சிகிச்சை பெற விழைவோர்க்கும் பணம் சார்ந்த ஒரு குறிப்பு உண்டு. ஆயுஷ் சிகிச்சைகளைப் பிற சிகிச்சைகளுக்கு இணையாகக் கருத வேண்டுமென்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அறிவுறுத்தி, அது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதனால் எந்த விடுதியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டாலும் காப்பீடு பணம் தரும் என்று பொருளன்று. நோய் கண்டறியப்பட்டு, தகுதி பெற்ற ஆயுஷ் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சையையே பெரும்பாலான திட்டங்கள் ஏற்கின்றன. புத்துணர்வு, உடல்நலப் பேணல் என்ற பெயரில் தங்குவதை விலக்கி வைக்கின்றன. ஆகவே முன்பதிவு செய்யுமுன் மூன்று செய்திகளைக் கேட்டு அறிந்துகொள்க: மருத்துவமனை பதிவு பெற்றதா, வமனம் செய்விக்கும் மருத்துவர் பஞ்சகர்மத்தில் முதுநிலைப் பயிற்சி பெற்றவரா, அவசர நிலைக்கு அருகில் என்ன ஏற்பாடு உள்ளது. நான்காவதாக, மருந்தறையில் உள்ள மருக்காரை எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். விடை தெரிந்த மருத்துவர் கலத்தைத் திறந்து காட்டுவார். நன்கு பழுத்துக் காய்ந்த விதைத் திரளில் பச்சைக் காயின் சுருங்கிய ஓடுகள் கலந்திருக்காது.